சும்மா குந்த ஒரு மரத்தடி

எங்கள் அப்பாவுக்கு மதியச் சாப்பாடு முடிந்தால் வீட்டில் இருப்புக் கொள்ளாது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு "கொல்லிக்குப் போயிட்டு வரேன்" என்று கிளம்பிவிடுவார். பண்ருட்டிக்குப் பக்கத்தில் காடாம்புலியூர் போகிற வழியில் எங்கள் ஊர். அந்தப் பக்கத்தில் கொல்லை என்றால் வீட்டுப் பின்புறம் இல்லை. முந்திரியும் பலாவும் நிற்கிற செம்மண் நிலத்தைத்தான் கொல்லை என்போம், பேச்சில் கொல்லி. எங்களுக்கு இரண்டு ஏக்கர் முந்திரி. அதை ஒட்டி ஒரு ஏக்கரில் 27 பலா மரங்கள். தாத்தா கன்று வைத்து, குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து ஊற்றி வளர்த்தவை.

சித்திரை பிறந்து ஆடி முடிகிற வரைக்கும் காய் தட்டிப் பார்ப்பது, வெட்டு, வியாபாரி, வண்டி என்று வேலை இருக்கும். மற்ற மாதங்களில் பலாவுக்கு அன்றாடம் செய்ய அப்படி ஒன்றும் கிடையாது. ஆனாலும் அப்பா ஒரு நாள் தவறாமல் போவார். "அப்பா அங்க என்னதாம்மா பண்றாரு?" என்று கேட்டால், "என்னா பண்ணுவாரு, மரத்தடியில குந்திக்கிட்டு இருப்பாரு" என்பார் அம்மா.

யாராவது வீட்டுக்கு வந்துவிட்டால் அப்பாவைக் கூட்டிவர என்னைத்தான் அனுப்புவார்கள். கொல்லையின் தென்மேற்கு மூலையில் ஒரு கிழட்டுப் பலா. அதன் வேர் ஒன்று தரைக்கு மேலே முதுகு காட்டிக்கொண்டு ஓடும். அந்த வேரில் துண்டை விரித்து, அடிமரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். தூங்கமாட்டார். கண் திறந்துதான் இருக்கும். எதையும் குறிப்பாகப் பார்க்கமாட்டார். "என்னாப்பா பண்ற?" என்றால், "ஒண்ணும் பண்ணலடா. சித்த நேரம் குந்து" என்பார். நான் குந்துவேன். அஞ்சு நிமிஷம் தாங்காது, காலை ஆட்டுவேன், சருகைக் கிழிப்பேன், "வாப்பா போலாம்" என்பேன். அவர் பெருமூச்சு விட்டு எழுந்து வருவார். அந்த அஞ்சு நிமிஷங்களை நான் பத்து நிமிஷமாக ஆக்கியிருக்கலாம் என்று இப்போது நினைக்காத வாரம் இல்லை.

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர் வேகத்தில் அடித்த காற்று. நான் அப்போது புதுச்சேரியில் வேலையில் இருந்தேன். கரண்ட் இல்லை, போன் இல்லை, ரோடு முழுக்க மரம். மூன்றாம் நாள்தான் ஊர் போய்ச் சேர முடிந்தது. வீட்டின் ஓடுகள் பறந்திருந்தன. அம்மா வாசலில் ஈரத் துணிகளைக் காயப்போட்டுக்கொண்டு, "அப்பா கொல்லையில இருக்காருடா, போய்ப் பாரு" என்றார்.

போனேன். எனக்குத் திசையே தெரியவில்லை. நான் பிறந்ததிலிருந்து அந்த இடத்தில் வானம் என்பது இலைகளுக்கு நடுவில் தெரிகிற சில்லறை வெளிச்சம்தான். இப்போது முழு வானமும் திறந்து கிடந்தது. மரங்கள் செம்மண்ணைப் பெயர்த்துக்கொண்டு வேரோடு சாய்ந்திருந்தன. சில மரங்கள் இடுப்பில் முறிந்து, உள்ளே இருந்த வைரம் மஞ்சள் அரைத்துப் பூசியதுபோலத் தெரிந்தது. பால் வடிந்து காய்ந்த வாடை. 27 மரங்களில் நின்றது 4. மூலைக் கிழட்டுப் பலா அந்த நாலில் இல்லை.

அப்பா சாய்ந்த மரம் ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தார். தலையில் துண்டு. கொல்லைக்குள் அவர் தலையில் துண்டு போட்டு நான் பார்த்ததே இல்லை. என்னைப் பார்த்ததும் கணக்குச் சொல்லுவார், கடனைச் சொல்லுவார் என்று நினைத்தேன். அவர் சொன்னது ஒன்றுதான்: "இனிமே எங்கடா போயி குந்தறது?"

நிவாரணத்துக்கு மரம் எண்ண வந்தார்கள். இத்தனை பலா, இத்தனை முந்திரி, மரத்துக்கு இவ்வளவு என்று எழுதிக்கொண்டு போனார்கள். கட்டை வியாபாரிகளும் வந்தார்கள். தஞ்சாவூர் வீணைக்கு எங்கள் பக்கத்துப் பலாக்கட்டைதான் போகும், அதற்கென்று ஒரு மதிப்பு உண்டு. ஆனால் எல்லார் கொல்லையிலும் மரம் விழுந்து கிடக்கையில் யார் நல்ல விலை கொடுப்பார்கள்? எப்படியோ வண்டி ஏற்றி அனுப்பினோம். அப்பா கேட்ட கேள்வி மட்டும் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. நானும் அதை ஒரு கேள்வியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. வருத்தத்தில் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன்.

அதன் பிறகு அப்பா மாறிப்போனார். மதியம் சாப்பிட்டதும் பழக்கத்தில் துண்டை உதறுவார். வாசல்வரை போவார். திரும்பி வருவார். டீக்கடைக்குப் போய் உட்கார்ந்தால் அங்கே டிவி சத்தம், கட்சிப் பேச்சு. பத்து நிமிஷத்தில் எழுந்து வந்துவிடுவார். ராத்திரித் தூக்கம் போனது. எதற்கெடுத்தாலும் அம்மாவிடம் எரிந்து விழுந்தார். அடுத்த ஆவணியில் ரத்த அழுத்தம் என்று மாத்திரை ஆரம்பித்தார்கள்.

மரம் போனதால்தான் அவருக்கு நோய் வந்தது என்று நான் சொல்லமாட்டேன். அவருக்கு அப்போது 64 வயது. கடன் இருந்தது. பீடிப் பழக்கம் இருந்தது. ஒரு மனுஷனின் ரத்த அழுத்தத்துக்கு ஒரே காரணத்தை எழுத முடியாது. ஆனால் பல ஆண்டுகள் கழித்து ஓர் ஆய்வைப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அமெரிக்காவில் ஆஷ் என்று ஒரு மரம், தெருவோரங்களில் வரிசை வரிசையாக நிற்கும். 2002ஆம் ஆண்டு மிச்சிகன் மாநிலத்தில் பச்சையாக மின்னுகிற ஒரு வண்டைக் கண்டுபிடித்தார்கள், ஆசியாவிலிருந்து வந்தது. அதன் புழு பட்டைக்கு அடியில் குடைந்து தின்ன, சில ஆண்டுகளில் 10 கோடி ஆஷ் மரங்கள் செத்துப்போயின. நேற்றுவரை நிழலாக இருந்த தெருக்கள் மொட்டையாகிவிட்டன. அமெரிக்க வனத்துறை ஆய்வாளர்கள் 15 மாநிலங்களில் 1990 முதல் 2007 வரையான இறப்புப் பதிவுகளை எடுத்துப் பார்த்து 2013இல் வெளியிட்டார்கள். வருமானம், படிப்பு எல்லாவற்றையும் கழித்துப் பார்த்த பிறகும், வண்டு பரவிய மாவட்டங்களில் இதய நோயால் 15,080 பேரும் மூச்சுறுப்பு நோய்களால் 6,113 பேரும் கூடுதலாக இறந்திருந்தார்கள். மரம் செத்ததுதான் காரணம் என்று அந்த ஆய்வு அறுதியிட்டுச் சொல்லவில்லை. இரண்டும் சேர்ந்து நடந்திருக்கின்றன என்பதுதான் அதிலிருந்து தெரிவது. எனக்கு அந்த அளவே போதுமாக இருந்தது. அப்பா கேட்ட கேள்வி வெறும் புலம்பல் இல்லை என்று எனக்குப் புரிய அது போதும்.

2015இல் அப்பா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் ஆபரேஷன். நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் கட்டில் போட்டிருந்த இடத்துக்கு எதிரே ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே பக்கத்துக் கட்டடத்தின் சுவர், சுவர் முழுக்க ஏசி பெட்டிகள். இரண்டு நாள் அவர் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் என்னைக் கிட்டே கூப்பிட்டு, "அந்தப் பக்கக் கட்டிலு காலியாவுதான்னு கேளுடா" என்றார். எதிர் வரிசை ஜன்னலில் ஒரு வேப்பமரத்தின் கிளை தெரிந்தது. நான் படுத்துப் பார்த்தபோதுதான் எனக்கே தெரிந்தது, அவர் மூன்று நாளாக அதைத் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார். வார்டு சிஸ்டரிடம் கேட்டேன். மறுநாள் மாற்றிக் கொடுத்தார்கள். அன்று ராத்திரி அப்பா ஆறு மணி நேரம் தூங்கினார்.

ரோஜர் அல்ரிச் என்பவர் இதையே ஆராய்ச்சியாகச் செய்து 1984இல் வெளியிட்டிருக்கிறார் என்று அப்போது எனக்குத் தெரியாது. பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனை. 1972 முதல் 1981 வரை பித்தப்பை ஆபரேஷன் செய்துகொண்டவர்களின் பதிவுகளிலிருந்து, வயது முதலியவை ஒத்துப்போகிற மாதிரி 23 ஜோடிகளைப் பிரித்தெடுத்தார். ஜோடியில் ஒருவருக்கு ஜன்னல் வழியே மரங்கள். இன்னொருவருக்குப் பழுப்புச் செங்கல் சுவர். குளிர்காலத்தில் அங்கே மரங்கள் மொட்டையாகிவிடும் என்பதால் இலை இருக்கும் மாதங்களின் பதிவுகளை மட்டுமே எடுத்துக்கொண்டார். மரம் பார்த்தவர்கள் ஆபரேஷனுக்குப் பிறகு சராசரியாக 7.96 நாளில் வீடு திரும்பினார்கள், சுவர் பார்த்தவர்களுக்கு 8.70 நாள் ஆனது. வீரியமான வலி மருந்தும் மரம் பார்த்தவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. முக்கால் நாள் வித்தியாசம் பெரிய விஷயமா என்று கேட்கலாம். வலியோடு படுத்திருப்பவரைக் கேட்டால் முக்கால் நாள் என்றால் என்ன என்று சொல்லுவார்.

2017 பங்குனியில் அப்பா போய்விட்டார்.

இரண்டு வருஷம் கழித்து என் முறை வந்தது. எனக்கு வயது 43, கணக்குப் பிரிவில் வேலை. மார்ச் மாதக் கணக்கு முடிக்கிற நெருக்கடியில் ஒரு நாள் நெஞ்சு படபடவென்று அடித்து, கை வியர்த்துப் போனது. டாக்டர் பார்த்தார், ரத்த அழுத்தம் 160க்கு 100. மாத்திரை எழுதினார், உப்பைக் குறைக்கச் சொன்னார், நடக்கச் சொன்னார். கடைசியாக, "ஒரு நாள்ல எவ்ளோ நேரம் எதுவுமே செய்யாம இருப்பீங்க?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. கடற்கரைச் சாலையில் நடக்கத்தான் செய்தேன். ஆனால் காதில் போன், கண்ணில் கடிகாரம், மனதுக்குள் மறுநாள் வேலை. கால் மட்டும்தான் நடந்தது.

அந்த வருஷம் என் தங்கை மகளுக்குக் காதுகுத்து. தங்கை வீட்டுக்காரருக்குக் குலதெய்வம் புத்துப்பட்டு ஐயனார், மஞ்சனீஸ்வரர் என்று சொல்லுவார்கள். புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே சுமார் 15 கிலோமீட்டர். கோயிலைச் சுற்றி ஐயனாருக்கு விட்ட காடு. பெண்கள் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார்கள். என் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் கோயிலுக்குப் பின்னால் கொஞ்சம் உள்ளே நடந்து ஒரு மரத்தடியில் உட்கார்ந்தேன்.

அந்தக் காட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். படங்களில் பார்க்கிற மாதிரி வானத்தை முட்டுகிற மரங்கள் அங்கே இல்லை. குட்டையான மரங்கள், நெருக்கியடித்து நிற்கும். இலைகள் சின்னதாக, தடிப்பாக, கரும்பச்சையில் பளபளக்கும். சோழமண்டலக் கரையோரத்துக்கே உரிய உலர் பசுமைமாறாக் காடு இது. மழை குறைவு, வெயில் அதிகம், ஆனாலும் இலை முழுவதையும் உதிர்க்காமல் வருஷம் பூராவும் பச்சையாக நிற்கும். காயா, வீரை, உலக்கைப் பாலை, கருங்காலி, இவற்றை எல்லாம் இழுத்துக் கட்டிய மாதிரி கனமான கொடிகள். திருமாலின் நிறத்துக்கு உவமையாகச் சொல்லும் காயாம்பூவின் மரம்தான் இந்தக் காயா. கிளையை ஒட்டியே நீலமாகப் பூக்கும். கரையோரத்தில் இந்த வகைக் காடு பெரும்பாலும் அழிந்துவிட்டது. தப்பித்ததெல்லாம் அநேகமாகக் கோயில்காடுகளில்தான். சாமி காட்டில் கிளை ஒடிக்கக் கூடாது என்ற பயம் காப்பாற்றிக் கொடுத்தது. புதுவைப் பல்கலைக்கழகத்தார் இங்கே மரங்களையும் கொடிகளையும் எண்ணி ஆய்வு செய்திருக்கிறார்கள்.

உட்கார்ந்த இடத்தில் முகத்துக்கு நேராக ஒரு கிளை. அதில் முசுறு கூடு கட்டிக்கொண்டிருந்தது. எங்கள் கொல்லையில் முந்திரி பொறுக்கும்போது கழுத்தில் விழுந்து கடிக்கும் அதே செவ்வெறும்புதான். எவ்வளவோ தடவை கடி வாங்கியிருக்கிறேன், ஒரு தடவைகூட நின்று பார்த்ததில்லை. இரண்டு இலைகளுக்கு நடுவில் ஒரு விரல் இடைவெளி. முப்பது நாற்பது எறும்புகள் ஒரு இலையின் ஓரத்தில் பின்னங்காலை ஊன்றி, அடுத்த இலையின் ஓரத்தை வாயால் கவ்வி வரிசையாக இழுத்துப் பிடித்திருந்தன. இலை மெல்ல மெல்ல நெருங்கி வந்தது. உள்ளேயிருந்து வேறு எறும்புகள் வெள்ளையாக அரிசி மாதிரி எதையோ வாயில் தூக்கிக்கொண்டு வந்தன. அவற்றின் புழுக்கள். அந்தப் புழுவை இந்த ஓரத்தில் ஒரு தொடு, அந்த ஓரத்தில் ஒரு தொடு என்று தறியில் நாடா போய்வருகிற மாதிரி ஆட்டின. தொட்ட இடத்திலெல்லாம் புழுவிலிருந்து நூல். கண்ணெதிரே இரண்டு இலை தைபட்டு ஒன்றாயிற்று.

"மாமா! மாமா!" என்று யாரோ கத்திக்கொண்டே வந்தார்கள். காதுகுத்த ஆசாரி வந்து காத்திருக்கிறார், பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமனைக் காணோம். முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. ஓடினேன். பிள்ளையை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டபோதுதான் கவனித்தேன், என் தோள் இறங்கியிருந்தது. அதுவரை தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்பதே எனக்குத் தெரியாது.

அப்பா அந்த வேரில் உட்கார்ந்து என்ன செய்தார் என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

அப்புறம் தேடித் தேடிப் படித்தேன். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ரேச்சல் கப்லான், ஸ்டீபன் கப்லான் என்று கணவன் மனைவி இருவர் இருந்தார்கள், உளவியல் ஆராய்ச்சியாளர்கள். நாம் வேண்டுமென்று ஒன்றின்மேல் செலுத்துகிற கவனம் தீர்ந்துபோகக்கூடியது என்பது அவர்கள் சொன்னது. கணக்குப் பார்ப்பது, வண்டி ஓட்டுவது, வருகிற கோபத்தை அடக்குவது எல்லாம் அந்த ஒரே கையிருப்பிலிருந்துதான் செலவாகிறது. தீர்ந்தால் தவறு வரும், எரிச்சல் வரும். இன்னொரு விதமான கவனம் உண்டு. இலை அசைவதை, எறும்பு போவதை, தண்ணீர் ஓடுவதைப் பார்க்கும்போது அது தானாக நடக்கும், செலவு இல்லை. இது நடக்கிற நேரத்தில் அந்த முதல் கவனம் ஓய்வெடுத்துக்கொள்ளும். 2008இல் அதே பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தார்கள். சிலரை மரத்தோட்டம் ஒன்றில் நடக்கவிட்டு, எண்களை வரிசையாகச் சொல்லி, தலைகீழாகத் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். நெரிசலான தெருவில் நடந்துவிட்டு வந்தபோது சொன்னதைவிட மரங்களுக்கு நடுவே நடந்துவிட்டு வந்தபோது நன்றாகச் சொன்னார்கள். டிவி பார்த்தால், போனைத் தள்ளிக்கொண்டிருந்தால் எனக்கு ஏன் களைப்பு போகவில்லை என்பது இப்போது புரிந்தது. அதுவும் என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. மரம் எதையும் கேட்பதில்லை.

எவ்வளவு நேரம் வேண்டும்? இதுவும் மிச்சிகனில்தான், 2019இல் வெளியான ஆய்வு. நகரவாசிகள் 36 பேர், 8 வாரம். வாரத்துக்கு மூன்று தடவையாவது பத்து நிமிஷத்துக்குக் குறையாமல் பச்சை உள்ள இடத்தில் இருக்க வேண்டும். முன்னும் பின்னும் எச்சிலை எடுத்து, மன அழுத்தத்தில் சுரக்கிற கார்ட்டிசோல் எவ்வளவு என்று பார்த்தார்கள். 20 முதல் 30 நிமிஷம் இருந்தபோது அது மிக வேகமாகக் குறைந்தது. அதற்கு மேலும் குறையும், ஆனால் மெதுவாக. எனக்குப் பிடித்தது அவர்கள் வைத்த நிபந்தனைகள். போன் கூடாது, இணையம் கூடாது, படிக்கக் கூடாது, பேச்சு கூடாது, ஓடியாடிச் செய்கிற உடற்பயிற்சியும் கூடாது. இவ்வளவையும் எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பதுதான் எங்கள் அப்பா செய்தது.

இங்கிலாந்தில் கிட்டத்தட்ட 20,000 பேரை வைத்துச் செய்த இன்னொரு ஆய்வும் அதே வருஷம் வந்தது. வாரத்துக்கு மொத்தம் 120 நிமிஷமாவது இயற்கையான இடத்தில் கழித்தவர்கள், உடம்பும் மனமும் நன்றாக இருப்பதாகச் சொல்வது அதிகமாக இருந்தது. ஒரே மூச்சில் இரண்டு மணி நேரமா, நாலு தடவை அரைமணியா என்பதில் வித்தியாசம் இல்லை. வேலைக்குப் போகிற நமக்கு இது நல்ல செய்தி.

ஜப்பானைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. அங்கே வனத்துறையே 1982இல் 'ஷின்ரின் யோக்கு' என்று பெயர் வைத்தது. காட்டில் குளிப்பது என்று பொருள். தண்ணீரில் அல்ல, காட்டின் காற்றிலும் ஒளியிலும். டோக்கியோவில் சிங் லீ என்ற மருத்துவ ஆராய்ச்சியாளர், நகர அலுவலகங்களில் வேலை செய்யும் 12 ஆண்களைக் காட்டுப் பகுதிக்கு மூன்று நாள் கூட்டிப்போய் ரத்தம் எடுத்துப் பார்த்தார். நோயுற்ற செல்களைத் தாக்கும் ஒருவகை வெள்ளணுக்களின் செயல்பாடு ஏறக்குறைய 50 சதவீதம் கூடியிருந்தது. மரங்கள் பூச்சியிடமிருந்தும் பூஞ்சையிடமிருந்தும் தங்களைக் காத்துக்கொள்ளக் காற்றில் விடும் பைனீன் போன்ற வாசனைப் பொருள்கள் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று கருதுகிறார். கையில் வைத்துக் கசக்கிய வேப்பிலை, வெயிலில் காய்ந்த யூகலிப்டஸ் தோப்பு, மழைக்குப் பிந்திய காடு, ஒவ்வொன்றுக்கும் ஒரு மணம் இருக்கிறதே, அந்த வகைப் பொருள்கள்தான்.

ஆனால் பன்னிரண்டு பேர்தான் என்பதை மறக்கக் கூடாது. இந்த ஆய்வை எடுத்துக்கொண்டு "மரத்தைக் கட்டிப்பிடித்தால் புற்றுநோய் போகும்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றவிடுகிறார்கள். எனக்கு இதில் உண்மையாகவே கோபம் வருகிறது. என் சொந்தத்தில் ஒருவர் இப்படி ஒன்றை நம்பி, போட வேண்டிய மாத்திரையை நிறுத்தி வைத்துவிட்டு மிகவும் கஷ்டப்பட்டார். நான் இன்றும் மாத்திரை போடுகிறேன். போன மாதம் பார்த்தபோது 130க்கு 84. அதில் மாத்திரைக்கு எவ்வளவு, மரத்துக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க எனக்கு வேண்டியதில்லை.

அதேபோல ஆக்சிஜன் கதை. அரசமரம் ராத்திரியும் ஆக்சிஜன் விடும் என்று படித்தவர்களே சொல்லுகிறார்கள். வெளிச்சம் இல்லாமல் எந்த மரமும் ஆக்சிஜன் உண்டாக்காது. பகலிலும் மரத்தடிக் காற்றில் அது கூடுதலாகக் குவிந்து நிற்பதில்லை. தெருவிலும் தோப்பிலும் காற்றில் ஏறக்குறைய அதே 21 சதவீதம்தான். மரம் தருவது வேறு. நிழல் தருகிறது. வேரால் உறிஞ்சிய தண்ணீரை இலை வழியே ஆவியாக்கிச் சுற்றுப்புறச் சூட்டை இறக்குகிறது. புழுதியைக் கொஞ்சம் பிடித்துவைக்கிறது. இவ்வளவு இருக்கும்போது இல்லாத ஒன்றையும் அதன் தலையில் ஏற்ற வேண்டுமா?

இப்போது ஞாயிறு தவறாமல் புத்துப்பட்டுக்குப் போகிறேன். விடிகிற நேரத்துக்கு வண்டியை எடுத்தால் வெயில் ஏறுமுன் போய்விடலாம். போனை வண்டிப் பெட்டியிலேயே வைத்துப் பூட்டிவிடுவேன். முதல் பத்து நிமிஷம் கஷ்டம். மனது திங்கட்கிழமைக்கு ஓடும், கை சட்டைப் பையைத் தடவும். அதோடு சண்டை போடாமல் விட்டுவிட வேண்டும். எங்கேயோ ஒரு செண்பகப் பறவை 'ஊப் ஊப்' என்று அடித்தொண்டையில் கூப்பிடும். தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து சருகைப் புரட்டிப் போட்டுக்கொண்டே நகரும். எந்த நிமிஷத்தில் மனது அடங்கியது என்று எனக்குத் தெரிந்ததே இல்லை. மூச்சு நீளமாகியிருப்பதைக் கவனிக்கும்போது அது ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கும்.

இதை உற்சாகமாக வீட்டில் சொன்னபோது என் மனைவி கேட்டாள்: "நீங்க ஆம்பள, எங்க வேணா போய்த் தனியா குந்திக்கலாம். நான் போனா யாரு சும்மா விடுவா? 'யாரும்மா நீ, யாருக்கு வெயிட் பண்ற'ன்னு கேக்கமாட்டாங்க?" எனக்குப் பேச வாய் வரவில்லை. அம்மா எத்தனை நாள் அந்தக் கொல்லை மரத்தடியில் வேலை இல்லாமல் உட்கார்ந்திருப்பார்? நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. அப்பா உட்கார்ந்திருந்த அந்த நேரத்தில் அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். மரத்தடியின் நன்மை பற்றி எழுதுகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடக் கூடாது. ஒரு பெண் பயமில்லாமல், யாருக்கும் பதில் சொல்லாமல், இருபது நிமிஷம் தனியாக உட்கார முடிகிற பச்சை இடம் ஊருக்குள்ளேயே வேண்டும். காட்டுக்குப் போ என்று சொல்லிப் பயனில்லை.

அவள் தானே ஒரு இடம் கண்டுபிடித்தாள். புதுச்சேரித் தாவரவியல் பூங்கா, பிரெஞ்சுக்காரர்கள் 1826இல் ஆரம்பித்தது, நகரத்துக்குள்ளேயே, பழைய மரங்கள் இருக்கின்றன. வேலை முடிந்து வருகிற வழியில் வாரம் இரண்டு நாள் அங்கே இறங்கி, நாலு பேர் கண்ணில் படுகிற மாதிரியான ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வருகிறாள். ராத்திரிச் சமையலை அந்த இரண்டு நாளும் நான் பார்த்துக்கொள்கிறேன். அவளுக்கு அடிக்கடி வரும் ஒற்றைத் தலைவலி குறைந்திருக்கிறதா என்று கேட்டேன். "அதெல்லாம் தெரியல. அந்த நேரத்துல என்னைய யாரும் 'அம்மா, அது எங்க இருக்கு'ன்னு கேக்கல பாருங்க, அது போதும்" என்றாள்.

ஊர்க் கொல்லையில் புயலுக்கு மறு வருஷமே அப்பா 30 பலாக்கன்று வைத்தார். நான் அப்போது "இந்த வயசுல எதுக்குப்பா, சவுக்கு போட்டா நாலு வருஷத்துல காசு" என்றேன். அவர் கேட்கவில்லை. கிழட்டுப் பலா இருந்த மூலையில் ஒரு கன்றைத் தன் கையாலேயே வைத்தார். மற்றதற்கெல்லாம் ஆள் வைத்துக் குழி வெட்டினார்.

ஆறு கன்று பட்டுப்போனது. மூலைக் கன்று நின்றது. அதன் முதல் காயை அவர் பார்க்கவில்லை. போன தையில் ஊருக்குப் போயிருந்தேன். மதியம் சாப்பிட்டுவிட்டு அம்மாவைக் கூப்பிட்டேன். முட்டிவலி, மெதுவாகத்தான் நடந்து வந்தார். அடிமரம் என் இரண்டு கைக்குள் அடங்கவில்லை. நிழல் ஒரு கயிற்றுக்கட்டில் போடுகிற அளவுக்கு விழுந்திருந்தது. வேர் இன்னும் மேலே வரவில்லை, அதனால் துண்டை மண்ணிலேயே விரித்தேன். அம்மா உட்கார்ந்ததும் பழக்கத்தில் சுற்றியிருந்த சருகைக் கூட்ட ஆரம்பித்தார். கையைப் பிடித்து, "வுடும்மா" என்றேன். விட்டுவிட்டு மரத்தில் சாய்ந்துகொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "நல்லாத்தாண்டா இருக்குது" என்றார்.